மேசை மலைக்கு ஒரு வழி

கேப் டவுன் நகரின் பின்னே சுவராய் நிற்பது மேசை மலை. 1503இல் போர்த்துக்கீசிய மாலுமி அந்தோனியோ டி சல்தான்யா அதன்மீது ஏறினார். பிளாட்டெக்ளிப் பிளவே பழைய ஏறுவழி. அதன் கீழோடையில்தான் அடிமைப் பெண்கள் ஊராரின் துணிகளை வெளுத்தனர். 1912 வாக்கில் அப்பிளவினூடே தண்டவாளம் இட்டு ரயில் விட நகரசபை ஆராய்ந்தது. ஒரு லட்சம் பவுண்டு செலவாகும் என்றறிந்தும் மக்கள் ஆதரித்தே வாக்களித்தனர். மகாயுத்தம் குறுக்கிட்டுத் திட்டம் நின்றது. மலையின் நல்லூழ் என்பேன். 1926இல் நார்வேப் பொறியாளர் ட்ரிக்வே ஸ்ட்ரோம்சோ கம்பிவட யோசனையுடன் வந்தார். 1929 அக்டோபர் 4 அன்று வண்டி ஓடத் தொடங்கியது. நகரத்திலிருந்து செல்வோர் க்ளூஃப் நெக் கணவாய்வரை ஏறி, டாஃபெல்பெர்க் சாலையில் திரும்பிக் கீழ்நிலையத்தை அடைகின்றனர். 1997 முதல் ஓடும் சுழல்பெட்டி 65 பேரைச் சுமக்கிறது. காற்று மிகுந்தால் அது நின்றுவிடும். அந்நாளில் நடந்து இறங்குவோருக்கு அதே பிளாட்டெக்ளிப்தான்.