மிஸ்வாக்: சுன்னத்தும் ஆய்வுக்கூடமும்

அரபு மண்ணின் வறண்ட நிலங்களில் வளரும் 'அராக்' மரத்தின் வேரும் குச்சியுமே நாம் மிஸ்வாக் என அறிவது. பல்குச்சி பயன்படுத்தும் வழக்கம் இஸ்லாத்திற்கு முன்பே அரபுகளிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதனை வணக்கத்தோடு இணைத்தார்கள். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற கவலை இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

அண்ணலாரின் இறுதி நேரத்தில் அப்துர் ரஹ்மான் பின் அபூபக்ர் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார்கள். அண்ணலாரின் பார்வை அதன்மீது நிலைத்ததைக் கண்ட அன்னை ஆயிஷா (ரலி), அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள்.

14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் இப்னுல் கய்யிம், அராக் குச்சியே சிறந்தது என்றெழுதினார். அறியாத மரத்தின் குச்சி நஞ்சாகவும் இருக்கலாம் என்று எச்சரித்தார். அளவோடு பயன்படுத்தவும் சொன்னார்.

வாயில் கிருமிகள் வாழ்வதை மனிதன் கண்ணால் கண்டது மிகப் பிற்காலத்தில். 1683இல் ஹாலந்து நாட்டின் லேவன்ஹூக், தம் பல்லிடுக்கின் அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கடிதம் எழுதினார்.

மிஸ்வாக்கை அக்கிருமிகளோடு மோதவிட்ட சோதனைகள் இன்னும் பிந்தியவை. 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள், கிருமி வளர்ந்த தட்டின்மேல் படாதவாறு மிஸ்வாக் துண்டுகளைத் தொங்கவிட்டனர். அப்போதும் கிருமிகளின் வளர்ச்சி தடைபட்டது. காரணம், வேரிலிருந்து ஆவியாகும் ஒரு பொருள். அதன் பெயர் பென்சைல் ஐசோதயோசயனேட் என்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வேரை மெல்லும்போது திசுக்கள் நசுங்கி, கந்தகச் சேர்மம் ஒன்று நொதியுடன் கலக்க, இப்பொருள் பிறக்கிறது. கடுகின் காரமும் இவ்வாறே பிறக்கிறது.

எனினும் ஆய்வு சொன்னதற்கு மேல் நாம் சொல்லலாகாது. ஈறு நோய்க்குக் காரணமான கிருமிகளை அப்பொருள் விரைந்து கொன்றது. வேறு சில வகைக் கிருமிகளின் வளர்ச்சியை மட்டுமே தடுத்தது, சிலவற்றை ஒன்றும் செய்யவில்லை. சோதனை நடந்ததும் ஆய்வுக்கூடத் தட்டில்தான். ஆகவே பல்லில் குழி விழுந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல், கையில் மிஸ்வாக்கை மட்டும் கொடுத்து அமர்ந்திருப்பது சுன்னத்தைப் பேணுவதாகாது.

ஆய்வுக்கூடம் சான்றளிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே முஸ்லிம்கள் மிஸ்வாக் செய்தார்கள்; இறைவனின் பொருத்தத்தை நாடியே செய்தார்கள். அந்த நிய்யத்தை முதலில் வைப்போம். உலர்ந்து சாரமிழந்த நுனியை வெட்டி, புதிய நுனியை மென்று, ஒளுவின்போது பயன்படுத்தப் பிள்ளைகளையும் பழக்குவோம்.