காலநிலை நிதி: உதவியா, கடனா?

பூகோள வெப்பமாதலுக்குப் பிரதான காரணமாக இருந்த நாடுகள் ஒருபுறமும் அதன் விளைவுகளைக் கூடுதலாக அனுபவிக்கின்ற நாடுகள் மறுபுறமும் நிற்கின்றன என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1992 ஆம் ஆண்டு றியோ டி ஜெனீரோ உச்சி மாநாட்டில் கைச்சாத்துக்காகத் திறந்து வைக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சமவாயம், சகல நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அப்பொறுப்பு சமமானதல்ல என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. செல்வந்த நாடுகள் வளர்முக நாடுகளுக்கு நிதி வழங்கவேண்டும் என்ற கடப்பாடும் அதில் அடங்கியிருந்தது. அந்த நிதி எந்த வடிவில் வழங்கப்படுகின்றது என்பதே இன்று எழுப்பப்படவேண்டிய கேள்வியாகும்.

2020 ஆம் ஆண்டளவில் வருடாந்தம் 100 பில்லியன் டொலரைத் திரட்டித் தருவதாக 2009 இல் கொப்பன்ஹேகன் மாநாட்டில் வாக்குறுதியளிக்கப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பின் கணிப்பின்படி 2020 இல் கிடைத்தது 83.3 பில்லியன் டொலர் மாத்திரமே. இரண்டு வருடங்கள் தாமதித்து, 2022 இலேயே இலக்கு எட்டப்பட்டது. அவ்வருடம் அரசாங்கங்களும் அபிவிருத்தி வங்கிகளும் வழங்கிய தொகையில் ஏறத்தாழ 70 சதவீதம் கடனாகும். மானியம் 30 சதவீதத்தையும் எட்டவில்லை. அயலவனின் வீட்டிற்குத் தீ மூட்டிவிட்டு, அதைத் திருத்திக் கட்டுவதற்கு வட்டிக்குப் பணம் கொடுப்பதை உதவி என்று எவரும் கூறமாட்டார்கள்.

கடன் என்பதே தவறு என நாம் வாதிட முன்வரவில்லை. வருமானம் தரும் மின் நிலையமொன்றைக் கடன் பெற்று நிர்மாணிப்பதில் நியாயம் உண்டு. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட 100 மெகாவாற் காற்றாலை மின் நிலையத்திற்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 200 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. எரிபொருள் இறக்குமதிச் செலவை அத்தகைய நிலையங்கள் குறைக்கின்றன. ஆயினும் மின்கட்டணம் ரூபாவில் அறவிடப்படுகையில் கடன் டொலரில் செலுத்தப்படவேண்டும். 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியபோதும் அபிவிருத்தி வங்கிகளின் கடன்கள் அதில் உள்ளடக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வருமானமே தராத பணிகளுக்கும் கடன் வழங்கப்படுவது இதனிலும் பாரதூரமானது. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் ஒரு சதவீதத்திற்கும் குறைவான பங்கையே கொண்ட பாகிஸ்தானில் 2022 ஆம் ஆண்டு வெள்ளம் 1,700 இற்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. மறு ஆண்டு ஜனவரியில் ஜெனீவாவில் 9 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகை வாக்குறுதியளிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி கடனாகும். மின்சாரத்தில் 80 சதவீதத்திற்கும் அதிகமானதை நிலக்கரியிலிருந்து பெற்றுவந்த தென்னாபிரிக்கா அதிலிருந்து விடுபடுவதற்கென 2021 இல் கிளாஸ்கோவில் 8.5 பில்லியன் டொலர் அறிவிக்கப்பட்டது. அதில் மானியம் சுமார் 4 சதவீதமே. 2025 மார்ச்சில் அமெரிக்கா அவ்வேற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது.

மானியம் வழங்குவது இயலாத காரியமல்ல என்பதற்கு வடக்கின் தீவகமே சான்று. டீசல் மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றிற்குக் காற்று மற்றும் சூரிய மின்சக்தி வழங்கும் திட்டத்தை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் சீன நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட கூட்டு முயற்சியொன்றிற்கு வழங்க 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதியளித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வருட இறுதியில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யப்பட்டு, சுமார் 11 மில்லியன் டொலர் இந்திய மானியத்திலான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்திடப்பட்டது. கடன் மானியமாக மாறியது வரவேற்கத்தக்கதே. ஆனால், அம்மாற்றத்தைக் கொண்டுவந்தது காலநிலை நீதி பற்றிய அக்கறையல்ல. இரு வல்லரசுகளின் போட்டியே. அப்போட்டி தீரும்வரை மூன்று வருடங்கள் காத்திருந்தவர்கள் தீவக மக்களாவர்.

2024 நவம்பரில் பாக்கு மாநாடு, 2035 ஆம் ஆண்டளவில் வருடாந்தம் 300 பில்லியன் டொலர் என்ற புதிய இலக்கை நிர்ணயித்தது. வளர்முக நாடுகள் கோரியது 1.3 ட்ரில்லியன் டொலராகும். தொகை பற்றிய சர்ச்சையில், அதில் எவ்வளவு மானியமாக இருக்கவேண்டும் என்ற வரையறை இன்றியே இணக்கம் காணப்பட்டது. இக்குறைபாடு திருத்தப்படாவிடின், இலக்கு எட்டப்படும் ஒவ்வொரு வருடமும் வறிய நாடுகளின் கடன்சுமை மேலும் கூடும்.

வெள்ளம், வரட்சி, கடலரிப்பு ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதற்கான நிதி மானியமாகவே வழங்கப்படவேண்டும். மின் உற்பத்திக்கான கடன்களில் நாணய மதிப்பிறக்கத்தின் சுமையைக் கடன் கொடுப்போரும் பகிர்ந்துகொள்ளவேண்டும். கடன் நெருக்கடியின் கொடூரத்தை அனுபவித்தறிந்த இலங்கை, இக்கோரிக்கையைச் சர்வதேச அரங்குகளில் முன்வைப்பதற்குச் சகல தகுதியும் கொண்டது. காலநிலை நிதி என்ற பெயரில் வருகின்ற ஒவ்வொரு டொலரும் கடனா, மானியமா என்பதை எமது அரசாங்கம் மக்களுக்கு வெளிப்படையாக அறிவிப்பது அதற்கான முதற்படியாக அமையும் என்பதே எமது நிலைப்பாடாகும்.