நடாஷா யார்?

படம் தொடங்குமுன், கதையும் பாத்திரங்களும் கற்பனையே, எவரையும் குறிப்பன அல்ல என்று ஒரு அட்டை வந்து போகிறது. கொட்டகை இருட்டில் இடம் தேடிக்கொண்டிருக்கிற நேரம். நானும் வெகுகாலம் அதைப் படித்ததில்லை. அந்த வாசகம் பரவலானதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது: 1934ல் ருஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் எம்.ஜி.எம். கம்பெனிமேல் தொடுத்தது.

1916 டிசம்பரில் ரஸ்புடினைத் தன் மாளிகைக்கு அழைத்துக் கொன்றவர்களில் முதல்வர் இரினாவின் கணவர் பெலிக்ஸ். 1927ல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். 1932ல் எம்.ஜி.எம். எடுத்த படத்தில் ரஸ்புடினைக் கொல்கிறவன் செகோடியெஃப் என்ற இளவரசன். அவனுக்கு நிச்சயமான நடாஷாவை ரஸ்புடின் கெடுத்துவிடுகிறான். இப்படி ஒன்று நடக்கவே இல்லை. கதை இலாகாவிலிருந்த மெர்சிடெஸ் டி அகோஸ்டா இதைச் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்ததாகவும், அதற்காகவே வேலையை இழந்ததாகவும் பின்னால் எழுதியிருக்கிறார்.

வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால், பெயர் மாறியிருந்தாலும் நடாஷா தானேதான் என்று இரினா நிரூபித்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, செகோடியெஃப் தன் கணவர் என்று காட்டுவது. ஆக, பெலிக்ஸ் சாட்சிக் கூண்டிலேறித் தான் செய்த கொலையைச் சொன்னார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமிருந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனித் தரப்பு இன்னொன்றும் சொன்னது. படத்தில் நடாஷா பலாத்காரத்துக்கு உள்ளானவள்தானே, அவள் குற்றம் என்ன, இதில் அவதூறு ஏது? அப்பீலில் நீதிபதி ஸ்லெஸரின் பதில்: அவள்மேல் பழி இல்லாவிட்டாலும், பிறர் அவளை ஒதுக்கிவைக்க இது போதும், ஆகவே அவதூறுதான். இந்த வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நீதிபதி சமூகத்தை நியாயப்படுத்தவில்லை, உள்ளதைச் சொன்னார் என்று வாதிடலாம். ஆனால் அதே அறையில் கணவனின் நிஜக் கொலை விருதுபோல ஏற்கப்பட்டது. மனைவிமேல் ஏற்றிய நடக்காத பலாத்காரத்துக்கு 25,000 பவுன் ஈடு. அது சின்னத் தொகை அல்ல.

படத்தின் முகப்பில், பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். சரித்திரம் என்று சொல்லிக்கொண்டதுதான் வினையாயிற்று. சரித்திரத்தை ஒழுங்காகப் படிப்போம் என்று ஸ்டூடியோக்கள் பாடம் கற்கவில்லை. எல்லாம் கற்பனை என்று அட்டை போடக் கற்றுக்கொண்டன.

இரினா உயிரோடிருந்தார், வழக்காட முடிந்தது. ரஸ்புடின் செத்தவன், அவன்மேல் எதை ஏற்றினாலும் கேட்க ஆளில்லை. மகள் மரியா 1928லேயே பாரிஸில் பெலிக்ஸ்மேல் கொலைக்கு ஈடு கேட்டுப் பார்த்தார், அதுவே தள்ளுபடி. அப்பாவின் பிம்பத்துக்காக எந்தக் கோர்ட்டுக்குப் போவது? 2021ல் ‘தலைவி’ வழக்கில் ஜெயலலிதாவின் அண்ணன் மகளிடம் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுக்கு வருவதில்லை.

பெலிக்ஸ் 1965ல் நியூயார்க்கில் மறுபடி கோர்ட்டுக்குப் போனார். ரஸ்புடின் கொலையை சி.பி.எஸ். தொலைக்காட்சி நாடகமாக்கியதில் தன் அந்தரங்கம் பறிபோயிற்றாம். தோற்றார்.