மௌக்லி பாட்டும் கீழ் கோத்தகிரி பிள்ளைகளும்



என் பழைய மாணவர் ஒருவர் இப்போது கோவையில் வேலை பார்க்கிறார். அவருடைய மகள் நாள் முழுக்க ஜப்பானிய அனிமே பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறாளாம். "ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது சார், அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று கேட்டிருந்தார். "நீ மட்டும் 1993-இல் என்ன செய்தாயாம்?" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஜங்கிள் புக்' தொடர் வந்தது. நடுத்தர வயதில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். கீழ் கோத்தகிரி பக்கம் அப்போது டிவி இருந்த வீடுகளை எண்ணிவிடலாம். மலை மறைக்கிற இடங்களில் படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு மௌக்லியின் முகத்தைவிட அவனுடைய பாட்டுதான் முதலில் பழக்கமானது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்தால் ஹட்டியிலிருந்து வரும் படகர் வீட்டுப் பிள்ளையும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளையும் ஒரே குரலில் அந்த இந்திப் பாட்டைப் பாடுவார்கள். 1968 முதல் இருமொழிக் கொள்கை உள்ள மாநிலம் இது. எங்கள் வகுப்பில் இந்தி எழுத்து தெரிந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. கரடியும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து போகிற ஊர் என்பதால் பாலுவும் பகீராவும் அவர்களுக்கு அந்நியமாகவும் தெரியவில்லை.

அது ஜப்பான்காரர்கள் எடுத்த தொடர் என்பது அன்று பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. கதை வந்த வழியைப் பாருங்கள். மும்பையில் பிறந்த கிப்ளிங், மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டைப் பற்றி அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதினார். புத்தகம் 1894-இல் வெளிவந்தது. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் அதை 52 பாகத் தொடராக எடுத்தது. 1989-இல் அங்கே ஒளிபரப்பு தொடங்கியது. பிறகு இந்தி பேசிக்கொண்டு நம் மலைக்கு வந்தது.

ஜப்பானில் அந்தத் தொடருக்கு வேறு தொடக்கப் பாட்டு உண்டு. அங்கே தொடக்கப் பாட்டு என்பது பெரிய விஷயம். 1963-இல் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கியபோது முதலில் வெறும் வாத்திய இசைதான் இருந்தது. அணிவகுப்பு நடைபோல ஒரு மெட்டு. பிறகு ஷுன்தாரோ தனிகாவா என்ற பெருங்கவிஞர் அதற்கு வரிகள் எழுதினார். காகிதம்போல வளையும் மெல்லிய இசைத்தட்டில் அந்தப் பாட்டு லட்சக்கணக்கில் விற்றது. குழந்தைப் பாட்டுதானே என்று அந்த நாட்டின் முன்னணிக் கவிஞர் ஒதுங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருப்பம் 1983. 'கேட்ஸ் ஐ' தொடருக்கு ஆன்ரி என்ற பாப் பாடகி பாடிய பாட்டு, ஜப்பானின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பின் இசை நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. டிவியில் ஒன்றரை நிமிடம் ஒலிக்கும். முழுப் பாட்டு வேண்டுமென்றால் 'சிங்கிள்' என்ற தனி இசைத்தட்டை வாங்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் கேட்பவரை இழுத்துப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் இந்தப் பாட்டுகள் சட்டென்று எடுத்து, வேகமாக ஏறி, பல்லவி உச்சத்தில் இருக்கும்போதே முடிந்துவிடுகின்றன. 2023-இல் யோவாசோபி குழுவின் 'ஐடல்' அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலில் பில்போர்டின் முதலிடத்துக்கே போனது. அதுவும் ஓர் அனிமே தொடக்கப் பாட்டுதான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். தூர்தர்ஷனில் அந்த ஜப்பானியப் பாட்டை அப்படியே விடவில்லை. குல்சாரை எழுதச் சொன்னார்கள். இசையமைத்தவர் விஷால் பரத்வாஜ், அப்போது அதிகம் அறியப்படாத இளைஞர். குழந்தைக் குரல், குதித்து நடக்கிற தாளம், ஒருமுறை கேட்டால் மனதில் ஒட்டிக்கொள்கிற அடிகள். அதில் வரும் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லுக்குச் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள் என்றும், தான் மாற்ற மறுத்ததாகவும் குல்சாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காட்டுப் பையன் வேறு என்ன உடுத்துவான்! 2016-இல் டிஸ்னியின் புதிய 'ஜங்கிள் புக்' படம் வந்தபோது, இந்தியாவில் அதை விளம்பரப்படுத்த இதே பாட்டைத்தான் மறுபடி பதிவு செய்தார்கள். சொந்த மொழியில் அக்கறையாகச் செய்த பாட்டுக்கு அவ்வளவு ஆயுள்.

இலங்கையிலும் இப்படி ஒருவர் இருந்தார். ரூபவாகினியில் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களமாக்கியபோது பேச்சோடு நிற்கவில்லை, பாட்டையும் சிங்களத்தில் செய்தார். ஒரு தலைமுறையே அதைப் பாடி வளர்ந்தது.

தமிழில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு டோரா தமிழ் பேசினாள். நம் பிள்ளைகளும் கூடவே தமிழில் பதில் சொன்னார்கள். இப்போது அனிமே தொடர்களும் தமிழ்க் குரலில் வருகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழிலேயே தியேட்டருக்கு வந்தது. ஆனால் வசனம் தமிழில் இருந்தாலும் பாட்டு வரும் இடத்தில் பெரும்பாலும் ஜப்பானிய மொழிதான். வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சரி. அந்தப் பாடகரின் குரலுக்காகவே கேட்கிறார்கள். அதை மாற்றினால் நம்மோடு சண்டைக்கு வருவார்கள்.

என் கவலை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அந்த வயதில் மொழி வருவது பாட்டு வழியாகத்தான். 'அணில்', 'ஆடு' என்று நான் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் சொல்லிக்கொடுத்ததை, மெட்டோடு சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். பிற மொழிப் பாட்டைப் பாடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகள் இந்தியில் பாடியதால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் இந்திப் பிள்ளைக்கு அந்தப் பாட்டின் குறும்பு புரிந்தது, சிரித்தது. எங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது மெட்டு மட்டும். பாட்டுக்குள் இருந்த சிரிப்பு அதற்குக் கிடைக்கவில்லை.

நம்மிடம் கவிஞர்களுக்குப் பஞ்சமா, இசையமைப்பாளர்களுக்குப் பஞ்சமா? சிறு பிள்ளைகளுக்கான தொடரைத் தமிழில் கொண்டுவருகிறவர்கள், வசனத்துக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சம் அந்த ஒன்றரை நிமிடத்துக்கும் செலவிடலாம். கேட்க வேண்டியது நாம்தான்.

மாணவருக்கு நான் கடைசியாகச் சொன்னது: மகளைத் தடுக்காதே. பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று அவளையே தேடிப் பார்க்கச் சொல். பிறகு அதே மெட்டில் தமிழில் நான்கு வரி எழுதச் சொல். எழுதியதை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். எழுதினால் கீழே பதிவிடுங்கள்.