குவாங் திரி

வியட்நாமின் நடுப்பகுதியில், தென்சீனக் கடலுக்கும் லாவோஸ் எல்லைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் குவாங் திரி, மேற்கே ட்ருவோங் சோன் மலைத்தொடரும் கிழக்கே வயல்வெளியும் மணல்மேடுகளும் கொண்ட கரையோர மாகாணம். கோடையில் மலைகளைக் கடந்து ஈரமிழந்து இறங்கும் அனற்காற்றை இங்குள்ளோர் லாவோஸ் காற்று என்பர். கரையை ஒட்டிச் செல்லும் முதலாம் நெடுஞ்சாலையும், டோங் ஹா நகரில் அதிலிருந்து பிரிந்து லாவோஸ் எல்லையை எட்டும் ஒன்பதாம் நெடுஞ்சாலையுமே, மண்வளத்தைக் காட்டிலும் இம்மாகாணத்தின் வரலாற்றை வடிவமைத்தன எனலாம்.

சம்பா அரசுக்கு உட்பட்டிருந்த இதன் தென்பகுதி, 1306-இல் சம்பா மன்னர் மூன்றாம் ஜெயசிம்மவர்மன் வியட்நாமிய இளவரசி ஹுயென் திரானை மணந்தபோது பரிசப்பொருளாகக் கைமாறியது. 1954-இன் ஜெனீவா உடன்படிக்கை பென் ஹாய் ஆற்றைத் தற்காலிக எல்லையாக்கி, இரு கரைகளிலும் படையற்ற மண்டலம், அதாவது எத்தரப்பும் படை நிறுத்தக் கூடாத நிலப்பட்டை, அமையுமாறு விதித்தது. 1956-இல் நடைபெறவிருந்த பொதுத்தேர்தல் நடைபெறாமற்போகவே, அத்தற்காலிக எல்லை வட, தென் வியட்நாம் அரசுகளின் போர்முனையாயிற்று. அவ்வாற்றின் மீதுள்ள ஹியென் லுவோங் பாலத்தின் இரு முனைகளிலும் எவருடைய கொடிக்கம்பம் உயரமானது என்ற போட்டிகூட நடந்தது.

எல்லைக்கு வடக்கே, குண்டுவீச்சுக்கு இலக்கான வின் மோக் கிராமத்தார், இறுகும் தன்மையுள்ள செம்மண்ணைக் குடைந்து மூன்று அடுக்குச் சுரங்கம் அமைத்து வாழ்ந்தனர்; அங்கே குழந்தைகளும் பிறந்தன. தெற்கே, ஒன்பதாம் நெடுஞ்சாலையைக் காக்க அமெரிக்கர் நிறுவிய கே சான் தளம் 1968 ஜனவரி 21 முதல் 77 நாள் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அத்தனை உயிர்களைக் கொடுத்துக் காத்த அத்தளத்தை அவர்களே சில மாதங்களில் கைவிட்டனர் என்பது போர்த்திட்டத்தின் குழப்பத்தைக் காட்டுகிறது.

பேரழிவு 1972-இல் நேர்ந்தது. மார்ச் 30 அன்று வட வியட்நாமியப் படைகள் டாங்கிகளுடனும் பீரங்கிகளுடனும் தாக்குதல் தொடங்கி, மே மாதத் தொடக்கத்தில் மாகாணத் தலைநகரான குவாங் திரியைக் கைப்பற்றின. தென் வியட்நாமியப் படை தச் ஹான் ஆற்றங்கரையிலுள்ள பழைய கோட்டையைச் செப்டம்பர் 16-இல் மீட்டபோது, 81 நாள் சண்டையிலும் வான்தாக்குதலிலும் நகரம் இடிபாடாகியிருந்தது. 1975 மார்ச்சில் அது மீண்டும் வடக்கின் வசமாயிற்று. பின்னர் மாகாணத் தலைநகராக எழுந்தது டோங் ஹாவே. வெடிக்காத கொத்துக்குண்டுகளும் எறிகணைகளும் வயல்களில் இன்றும் அகப்படுவதால், அவற்றைத் தேடி அகற்றும் பணி அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் தொடர்கிறது. 2025 ஜூலையில் குவாங் பின் மாகாணம் இதனுடன் இணைக்கப்பட்டு, டோங் ஹோய் புதிய மாகாணத்தின் தலைநகராயிற்று.