நாற்பத்தெட்டாவது நோயாளி

அறுவைச் சிகிச்சையைப் பற்றி இன்று நம் கையில் இருக்கிற மிகப் பழைய எழுத்து எட்வின் ஸ்மித் பாப்பிரஸ். ஏறக்குறைய கி.மு. 1600-இல் எகிப்தில் எழுதியது, அதுவும் இன்னும் பழைய ஒரு மூலத்தின் நகல். 1862-இல் லக்சோரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். 1930-இல் ஜேம்ஸ் பிரெஸ்டெட்டின் மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் அது என்ன சரக்கு என்று உலகத்துக்கு முழுசாகத் தெரிந்தது.

மொத்தம் 48 நோயாளிகள். தலைக்காயத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு: தலைப்பு, தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது, என்ன கேடு, பிறகு தீர்ப்பு. தீர்ப்பு மூன்று வகை. குணப்படுத்தலாம், போராடிப் பார்க்கலாம், செய்வதற்கு ஒன்றுமில்லை. கழுத்தெலும்பு விலகி, கைகால் இருப்பதே தெரியாமல் கிடக்கிற ஒருவருக்கு அந்த மூன்றாவது தீர்ப்பு. காப்பாற்ற முடியாதவரையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்களே, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நகலெடுத்தவர் வைத்தியர் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நிறையத் தப்பு விடுகிறார், சிலவற்றைத் திருத்துகிறார். 48-ஆவது நோயாளிக்கு முதுகெலும்பில் அடி. அந்த வாக்கியத்தின் பாதியில் எழுத்து நின்றுவிடுகிறது. அப்புறம் வெற்று பாப்பிரஸ்தான். ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மீதியைச் சொந்தமாகக் கற்பனை பண்ணி நிரப்பவில்லை.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு, இப்போது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அதனால்தான் அந்த வெற்றிடம் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

கத்தி பிடிக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர் என்பது புதுசு இல்லை. 1907-இல் டிக்டாஃபோன் என்ற பெயரே வணிகச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. 1990-களில் அமெரிக்க டாக்டர்களின் குரல் இணையம் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் தூங்குகிற நேரத்தில் நம்மாட்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கால் பெடலால் குரலை நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்தார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். பிஎஸ்சி முடித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சம்பளம். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. காதில் சரியாக விழவில்லையா, ஊகிக்காதே. இடம் விட்டு, ஒலிப்பதிவில் எந்த நேரம் என்று குறித்து, டாக்டருக்கே திருப்பி அனுப்பு.

எழுதத் தெரிந்தும் எழுதாமல் விடுகிறவர்களைப் பற்றிப் பேசினால் எர்னஸ்ட் காட்மனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1894-இல் பாஸ்டனில், மருத்துவ மாணவராக இருக்கும்போதே, நண்பர் ஹார்வி குஷிங்கோடு சேர்ந்து ஈதர் மயக்கத்தில் இருக்கிற நோயாளியின் நாடித்துடிப்பை வரைபடமாகக் குறிக்க ஆரம்பித்தவர். மயக்க மருந்து கொடுப்பது அப்போது மாணவர்கள் தலையில் விழுந்த வேலை. நோயாளி செத்தால் ஏன் செத்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

பிறகு அவருக்கு ஒரு பித்தே பிடித்துவிட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன செய்தோம், ஒரு வருஷம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் ஏன்? பெரிய மருத்துவமனை கேட்கவில்லை. 1911-இல் சொந்தமாகச் சின்ன மருத்துவமனை திறந்தார். 1916 வரை வீட்டுக்கு அனுப்பிய 337 பேரில் 123 தவறுகள் நடந்ததாக அவரே எண்ணி, வகை பிரித்து, அச்சடித்து வெளியிட்டார். 1915-இல் ஒரு கூட்டத்தில் சக டாக்டர்களைக் கிண்டல் செய்து கேலிச்சித்திரம் வேறு காட்டினார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த தீக்கோழி, பொன்முட்டைகள்! பதவி போனது, வருமானம் போனது. 1940-இல் இறந்தார். கல்லறையில் கல் நட 2014 ஆகிவிட்டது.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி 1918-இல் 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டும். ஒழுங்காக நோயாளிப் பதிவு வைத்திருப்பதும் அந்தத் தரத்தில் ஒன்று. 1919-இல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அடுப்பில் அந்தப் பட்டியலையே கொளுத்திவிட்டார்கள். எழுதியதைக் கொளுத்துவதும் இந்த வரலாற்றில் சேர்த்தி.

நம் நாட்டில் செலாயாங் மருத்துவமனை 1999-லேயே காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கியது. கிறுக்கல் கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்தது. திரைக்கு வந்ததும் எல்லா ஊரிலும் வேறொரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: முந்தைய குறிப்பைக் காப்பி, பேஸ்ட். ‘சிக்கல் ஏதுமின்றி முடிந்தது’ என்ற வரி எத்தனை பேர் வயிற்றுக்குள் நடந்ததை மூடியிருக்குமோ. அந்தக் குறிப்புகளைத் தின்று வளர்கிற மாதிரிக்கு, அடுத்து வர அதிக வாய்ப்புள்ள வாக்கியம் அதுவாகத்தானே இருக்கும்?

இயந்திரத்தை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. அமெரிக்காவில் ரோபோ உதவியோடு செய்த 158 புராஸ்டேட் அறுவைகளின் வீடியோவை ஏஐ பார்த்து அறிக்கை எழுதியது. வீடியோவோடு ஒப்பிட்டால் டாக்டர்கள் எழுதியதில் பாதிக்கு மேல் ஏதோ பிசகு. ஏஐ எழுதியதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. களைத்துப்போன மனிதனின் ஞாபகத்தைவிடக் கேமரா மேல்தான். அதற்குப் பார்க்க ஏதோ இருந்தது, பார்த்ததை எழுதியது.

குரலை மட்டும் கேட்டு எழுதுகிறதுதான் சிக்கல். 2022-இல் வந்த விஸ்பர் மாதிரியை ஆராய்ந்தவர்கள் 2024-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறக்குறைய நூற்றில் ஓர் ஒலித்துண்டில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் வந்திருக்கின்றன. நீண்ட மௌனங்கள் வருகிற பேச்சில்தான் இது அதிகம். இல்லாத மருந்து, இல்லாத வன்முறை. அறுவை முடித்த டாக்டர் பேசும்போது மௌனம் வராமல் இருக்குமா? ‘ரத்தப்போக்கு…’ என்று இழுத்து, தாதியைத் திரும்பிப் பார்த்து, எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவார். அந்த நாலு விநாடியில் மென்பொருள் ஓர் எண்ணைத் தானே வைத்துவிட்டால்? சரளமாக வந்ததை யாரும் இரண்டு தடவை படிப்பதில்லை.

எங்கள் மென்பொருளில், நம்பகம் குறைந்த இடங்களில் சொல் வராது. மஞ்சள் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் ஒலிப்பதிவின் நேரமும்தான் வரும். அதை டாக்டர் நிரப்பாமல் கையொப்பமிட முடியாது. போன மாதம் ஒரு டெமோவில் வாங்க வந்தவர்கள் இந்த மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்தார்கள். “இது முழுமையா இல்லாத மாதிரி தெரியுதே தம்பி, வேற கம்பெனியோடது எல்லாத்தையும் அழகா நிரப்பிக் கொடுக்குது” என்றார் ஒருவர். நிரப்பிக் கொடுப்பது எங்களுக்கும் பெரிய வேலை இல்லை, அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இப்போதைக்கு மாற்றவில்லை. அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை.