பண்ணும் மோனமும்

திருக்கோயில் என்பது கல்லும் சுதையும் மட்டும் அன்று. அங்கு எழும் திருமுறை ஒலியும், அவ்வொலி அடங்கியபின் நிலவும் அமைதியும் கோயிலின் உயிராவன. அலைபாயும் உள்ளத்தை ஓசையால் ஒருவழிப்படுத்தி, பின் மோனத்தில் நிறுத்துவது தமிழ்ச் சைவம் கண்ட நன்னெறி. அந்நெறியை நம் முன்னோர் பேணிய வகை ஈண்டு எண்ணத்தக்கது.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். அம்மையார் அளித்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவன் திருமுன் பதிகம் பாட, நோய் நீங்கிற்று. இது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிய வரலாறு. உடற்பிணியும் உளத்துயரும் பாடலில் கரையும் என்னும் நம்பிக்கை இத்துணைத் தொன்மையுடையது.

பதிகம் பாடுவோர்க்கு நெல் வழங்கிய செய்தியைப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே காண்கிறோம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் இப்பணியைப் பெரிதும் வளர்த்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். இந்த ஐம்பதின்மருக்கும் நாள்தோறும் தலைக்கு 3 குறுணி நெல் அளக்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டு அகன்றாலோ, அவருக்கு அடுத்த உரிமையாளர் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும் என்றும் கல்லில் பொறித்தான். விண்ணளாவும் விமானத்தை எடுத்த மன்னன், பாடும் குரல் ஓயாதிருக்கவும் வழிசெய்தான் என்பது உணரற்பாலது.

பண்களையும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்தனர். விடியலில் ஓதும் புறநீர்மை இன்றைய பூபாளத்தை ஒத்தது, உள்ளத்தை எழுப்புவது. இரவுக்குரிய மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியை ஒத்தது, துயிலுக்கு இதமளிப்பது. அன்றாட வாழ்வின் பொழுதுகளே இவ்வாறு இசையால் செப்பம் பெற்றன.

ஓசையின் முடிவு அமைதி. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை ஒழுங்குபடுத்துவது முதல் சமாதி ஈறாகிய படிகளை முறையே விளக்கினார். 18ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசில் கணக்கராயிருந்த தாயுமானவருக்கு மௌனகுரு அளித்த உபதேசம், சும்மா இருத்தல் என்பதே. இல்லறத்தில் நின்றே அதனைப் பயிலுமாறு குரு பணித்தார் என்பர். 1896இல் திருவண்ணாமலையை அடைந்த ரமண மகரிஷி, 1950இல் முத்தியடையும் வரை மௌனத்தையே தலையாய உபதேசமாகக் கொண்டார்.

இக்கால மருத்துவமும் இதனை ஆராய்ந்துள்ளது. மந்திரம் ஓதுங்கால் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முறையாகத் தணிந்து, இதயத் துடிப்பின் இயல்பான ஏற்றத்தாழ்வுகள் சீருறுகின்றன என்று 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஆதலின், காலையும் மாலையும் ஒரு பதிகம் ஓதி, சிறுபொழுது வாய்வாளாது அமர்தல் எவர்க்கும் எளிதாம். கோபுரத்திற்குப் பொருள் ஈந்த அன்பர்கள், ஓதுவார் குரல் இக்கோயிலில் நாளும் ஒலிக்கவும் அறக்கட்டளை நிறுவுவார்களாயின், குடமுழுக்கின் பயன் முழுமையுறும். கலசத்தில் வார்த்த நீர் ஒரு நாளில் உலரும். பண்ணோடு ஓதிய பதிகமோ தலைமுறைதோறும் உள்ளங்களை நனைக்கும்.

திருவருள் பொலிக!